கையுறை கழற்றியவன்

லிங்கன்ஷயர், இங்கிலாந்து
12 செப்டம்பர் 1943

அன்புள்ள அக்கா யூலாலிக்கு,

நான் நலம். நீயும் கடையும் கடை வாசலில் படுத்திருக்கும் அந்தச் சொறி நாயும் நலமா?

எனக்கு இப்போது ஒரு விமானம் கிடைத்துவிட்டது, ஆறு கூட்டாளிகளும் கிடைத்துவிட்டார்கள். குண்டு போடும் விமானம். அதன் முதுகில் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் இரண்டு துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருப்பது என் வேலை. கூட்டாளிகளைச் சேர்த்த விதத்தைக் கேள். ஒரு பெரிய கொட்டகைக்குள் எங்கள் எல்லோரையும் விட்டு, "நீங்களே ஆள் பாத்துப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சந்தை மாடுகள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வால் பக்கத் துப்பாக்கிக்காரன் ஒருவன் என்னிடம் வந்தான். வில்ஃப் ஆக்ராய்ட், கிரிம்ஸ்பி மீன் சந்தையில் கூடை தூக்கினவன். "கறுப்பா இருக்கியே, ராத்திரியில கண்ணு தெரியுமா?" என்றான். "வெள்ளையா இருக்கியே, உன்னை ராத்திரியில எல்லாருக்கும் தெரியுமே, பரவால்லையா?" என்றேன். சேர்ந்துவிட்டோம்.

ஒரு உதவி. மேலே குளிர் பொல்லாதது. கனத்த கையுறைக்கு உள்ளே மெல்லிய பட்டுக் கையுறை ஒன்று போட வேண்டும். இங்கே கொடுத்தது என் விரலுக்குக் குட்டை, நுனி நுனியாகக் கிழிகிறது. தாளில் இரண்டு கையையும் வைத்துக் கோடு போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ தைத்து அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சிப்ரியன் லெஸாமா


அரிமா, டிரினிடாட்
20 அக்டோபர் 1943

தம்பி சிப்ரியனுக்கு அக்கா எழுதுவது,

எனக்கு ஒரு குறையும் இல்லை, முதுகுவலியைத் தவிர. நீ போனதிலிருந்து இரண்டு ஆள் வேலையை ஒரு முதுகு செய்கிறது. நீ நலமென்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

அப்பா போன பிறகு நீ வெட்டுகிறவன், நான் தைக்கிறவள் என்று இருந்தோம். இங்கிலாந்து ராஜாவின் படைக்கு ஆள் குறைகிறது என்று விளம்பரம் வந்ததும் கிளம்பிவிட்டாய். அந்த ராஜாவுக்கு உன் பேர் தெரியுமாடா? அரிமா எந்தத் திசையில் இருக்கிறது என்றாவது தெரியுமா? அப்பாவின் பெரிய கத்தரிக்கோல் நீ மாட்டிவிட்டுப் போன ஆணியிலேயே தொங்குகிறது. நான் சின்னதை வைத்து ஓட்டுகிறேன்.

கையுறை தைத்துவிட்டேன். பட்டு யாருடையது தெரியுமா? பணக்காரர்கள் கூடும் சவானா கிளப்பின் தலைவர் டுஃப்ரேன் மகளின் கல்யாண உடையில் மிஞ்சியது. அந்த உடையைக் கொடுக்கப் போனபோது வழக்கம்போலப் பின்வாசல் வழியாகத்தான் வரச் சொன்னார்கள். முன்வாசல் நம்மைப் போன்றவர்களின் செருப்பு பட்டால் இடிந்து விழுந்துவிடும் போலிருக்கிறது. மிஞ்சிய துணியைத் திருப்பிக் கேட்டார்கள், மிஞ்சவில்லை என்று சொல்லிவிட்டேன்.

விரல் நுனிகளில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். குளிக்கும்போது தவிர இதைக் கழற்றாதே. தையல் பிரிந்தால் நீ என்னைக் கேள். தொலைத்தால் நான் உன்னைக் கேட்பேன்.

நன்றாகச் சாப்பிடு. நாய் சாகவில்லை.

யூலாலி


லிங்கன்ஷயர்
19 டிசம்பர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கையுறை வந்து சேர்ந்தது. தோல் போல ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல் கனத்த தோல் என்று மூன்று அடுக்கு. மேலே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி. மூச்சே முகமூடியில் பனிக்கட்டியாக உறைகிறது.

வில்ஃப் உன் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றான். "ஆகல. ஆனா உன்னை விரட்டிருவாங்க" என்றேன். பறக்கிற இரவுகளில் எங்களுக்கு நிஜமான முட்டை ஒன்று கிடைக்கும். நாட்டில் வேறு யாருக்கும் கிடைக்காதாம். கிளம்பும்போது ஒருவனிடம் ஒருவன், "நீ திரும்பி வரலன்னா உன் முட்டை எனக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவான். பக்கத்து மேசை முட்டைகள் சிலவற்றைச் சாப்பிட்டாகிவிட்டது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு வாழையிலையில் மடித்து வேகவைத்த பாஸ்டெல் செய்வாய் அல்லவா? என் பங்கை நாய்க்குப் போடாதே, நீயே சாப்பிடு. போர் முடிந்ததும் வந்து அந்தப் பெரிய கத்தரிக்கோலை எடுப்பேன். அதுவரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. பண்டிகை வாழ்த்துகள்.

சிப்ரியன்


இங்கிலாந்து
27 பிப்ரவரி 1944

அன்புள்ள அக்கா,

நலமா? நடுவில் எழுத முடியவில்லை. கொஞ்சம் குளிர் தாக்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். கஞ்சி நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு விமானம் ஏறவில்லை. வில்ஃப் நலம். எனக்கு ஏதோ பதக்கம் தரப்போவதாகச் சொல்கிறார்கள். கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சிப்ரியன்


அரிமா
30 ஏப்ரல் 1944

பதக்கம் பெற்ற பெரிய மனிதருக்கு,

நீ நலமாக இருப்பாய், உனக்கென்ன. ஊருக்குள் தலைகாட்ட முடியாத நான்தான் நலமில்லை.

செய்தித்தாளில் உன் படம் வந்தது. காதுகள் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. படத்தின் கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: "மிக உயரத்தில், கடுங்குளிரில், தன் கையுறைகளைக் கழற்றி, மயங்கிக் கிடந்த சக வீரருக்கு உதவி செய்து, பின்பு தன் இடத்துக்குத் திரும்பித் தரையிறங்கும்வரை காவலைத் தொடர்ந்தார்." நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன், மறுபக்கம் ஏதாவது தொடர்கிறதா என்று. கோகோ விலைதான் இருந்தது. எத்தனை விமானம் சுட்டாய்? ஒன்றுமில்லை. எந்த ஊரைப் பிடித்தாய்? ஒன்றுமில்லை. கையுறையைக் கழற்றினாய்.

ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒருவன், "நேத்து ராத்திரி நான் ரெண்டு காலுறையும் கழட்டினேன்ப்பா. எனக்கும் ஏதாச்சும் குடுப்பாங்களா?" என்கிறான். கடையே சிரித்தது. பர்ட்டி இருக்கிறானே, 'தேள் பிரபு' என்று தனக்குத் தானே பட்டம் கட்டிக்கொண்டு திருவிழாக் கூடாரத்தில் கேலிப்பாட்டுப் பாடுகிறவன், அவன் ஒரு பாட்டே கட்டிவிட்டான்:

"கையுறை கழட்டுனான் சிப்ரியன்,
மாருல பதக்கம் சிப்ரியன்.
நானும் கழட்டுறேன் என் செருப்ப,
ராசா எனக்கென்ன தருவாரோ?"

இப்போது தெருப் பிள்ளைகள் நம் கடையைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

சவானா கிளப்பில் எனக்குத் தேநீர் விருந்து. பதக்கக்காரனின் அக்கா என்று ஒருநாள் முன்வாசல் திறந்தது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேக். டுஃப்ரேன் எழுந்து பேசினார்: "கைகுலுக்குறதுக்கு முன்னாடி கையுறையக் கழட்டணும்கிற நாகரிகம் நம்ம ஊர் தையல்காரப் பையனுக்கும் தெரிஞ்சிருக்கே!" எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மண்டைக்குள் இருப்பதெல்லாம் கோகோக் கொட்டைதான். நன்றி சொல்ல என்னை எழுப்பினார்கள். "ஐயாவோட கோட்டுல போன வருஷத்தவிட இடுப்பு நாலு விரல் கூடியிருக்கு. எல்லாரும் அரை வயிறு சாப்பிடுற காலத்துல நாட்டுக்காக இவர் செஞ்ச தியாகம் அது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். திரும்பும்போது பின்வாசலைக் காட்டினார்கள்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். கழற்றாதே என்று சொல்லித்தானே தைத்து அனுப்பினேன்? அதைக் கழற்றியதற்கு ஒரு பதக்கம், அதை ஊர் பூராவும் படிக்க வேண்டும்! பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது என்று எழுதியிருந்தாய். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்குக் கீழே என்னடா இருக்கிறது? இங்கிலாந்து போனதும் அளக்கத் தெரிந்துவிட்டதோ?

பிப்ரவரிக் கடிதத்தில் உன் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. பதக்க விருந்தில் ஊற்றிக்கொண்டு எழுதினாய் என்று நினைக்கிறேன். குளிர் விட்டதா? வேளாவேளைக்குச் சாப்பிடு.

யூலாலி


இங்கிலாந்து
11 ஜூன் 1944

அன்புள்ள அக்கா,

நலம். உன் முதுகுவலி எப்படி?

பர்ட்டியின் பாட்டை வார்டில் பாடிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், தாதியும்கூட. விமானத் தளத்துச் சாமான் கிடங்கில் எனக்கு ஒரு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். போர் முடிந்த பிறகும் இங்கேயே இருந்துவிடலாம் என்று யோசிக்கிறேன். அப்பாவின் கத்தரிக்கோலை நல்ல வெட்டுக்காரன் யாருக்காவது கொடுத்துவிடு. சும்மா தொங்கினால் துருப்பிடிக்கும்.

உன் கையுறைகள் தொலையவில்லை. பத்திரமாக இருக்கின்றன.

சிப்ரியன்


அரிமா
22 ஜூலை 1944

சிப்ரியனுக்கு,

நலம் விசாரிப்பு ஒரு கேடா? உன் கடிதம் வந்தது. ஏழெட்டு வரி. பெரிய மனிதர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை, தெரியும்.

அங்கேயே இருந்துவிடப் போகிறாயா? இரு. அரிமாவின் வெயில் உன் பதக்கத்தின் பளபளப்பைக் கெடுத்துவிடும். மாரில் அதைக் குத்திக்கொண்டவன் இன்னொருவன் இடுப்பை நாடாவால் சுற்றி அளக்க முடியுமா, அசிங்கம் அல்லவா? சாமான் கிடங்கில் வெள்ளைக்காரனின் போர்வையை எண்ணு, அது கௌரவம். டுஃப்ரேனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவன் நம்மைப் பின்வாசலுக்குப் போகச் சொல்கிறான். நீ கடிதத்திலேயே சொல்லிவிட்டாய்.

கத்தரிக்கோலைக் கொடுத்துவிடச் சொல்ல உனக்கு எப்படி மனது வந்தது? அப்பா சாகிற அன்று அதை உன் கையில்தான் கொடுத்தார், என் கையில் இல்லை. எனக்கு அது வயிற்றெரிச்சலாகவே இருந்தது, ஆனாலும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். துருப்பிடிப்பது அது இல்லை.

இனி நீ எழுத வேண்டாம். எழுதினால் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

யூலாலி


அரிமா
3 ஆகஸ்ட் 1944

சிப்ரியன்,

போன கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போலத்தான் இருக்கும்.

இங்கே போட்டிருக்கும் அமெரிக்கப் படைத்தளத்துச் சமையற்கூடத்து ஆட்களுக்குக் கால்சட்டை சுருக்கிக் கொடுப்பது இப்போது நம் கடைதான். திங்கட்கிழமை கொடுக்கப் போனேன். தலைமைச் சமையற்காரன் இறைச்சி வைக்கும் குளிர் அறைக்குள் நின்றான். "உள்ள வாங்கம்மா, வெளிய வெயில் கொல்லுது" என்றான். போனேன். வேர்த்துக் கொட்டிய கை. சுவரில் மாடு மாட்டுகிற இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. சும்மா பிடித்தேன். விட முடியவில்லை.

இழுத்தேன். அவன் கத்தினான்: "ஐயோ இழுக்காதீங்க, தோலு வந்துரும்! எங்க மினசோட்டாவுல பசங்க விளையாட்டா நாக்க வெச்சு ஒட்டிக்கிட்டு அழுவாங்க. வெறும் கையால தொடலாமா?" அவன் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவருவதற்குள் நான் இழுத்துவிட்டேன். என் உள்ளங்கைத் தோல் கொக்கியில் தங்கிவிட்டது.

கட்டுப் போடும்போது, "இங்க எவ்வளவு குளிரு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, பூஜ்யம்தான்" என்றான்.

பூஜ்யம். உன்னுடையது அதற்கும் கீழே நாற்பது.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்துப் படித்தேன். பிப்ரவரியில் 'கொஞ்சம் குளிர் தாக்கிவிட்டது' என்கிறாய். ஜூனில் 'வார்டில் பாடிக் காட்டினேன்' என்கிறாய். ஜூனில் உனக்கு வார்டில் என்னடா வேலை? சளிக்கு இத்தனை மாதம் எவன் கட்டில் கொடுக்கிறான்? கத்தரிக்கோலைக் கொடுத்துவிடச் சொன்னது எதற்கு?

எந்தெந்த விரல் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

யூலாலி


லிங்கன்ஷயர்
8 அக்டோபர் 1944

மதிப்புக்குரிய செல்வி லெஸாமா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் வில்ஃப் ஆக்ராய்ட். உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. உங்கள் தம்பி, எங்களுக்கு அவன் சிப், அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான். பதில் எழுது என்றால், "எங்க அக்காவை உனக்குத் தெரியாது" என்கிறான். அதனால் அவனிடம் சொல்லாமல் நான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் ஒரு இரவு திரும்பி வரும்போது வால் கூண்டில் எனக்குக் காற்று வரும் குழாய் பனியால் அடைத்துக்கொண்டது. நான் மயங்கிவிட்டேன். கூப்பிட்டும் நான் பதில் சொல்லாததால் விமானி சிப்பை அனுப்பினான். கனத்த கையுறையோடு அந்தக் குழாயின் பூட்டைத் திறக்க முடியாது. அவன் மூன்று அடுக்கையும் கழற்றி, நகத்தால் பனியைச் சுரண்டி எடுத்து, மறுபடி பூட்டினான். என் கையுறையில் சூடு தரும் கம்பி அறுந்துபோய் என் கைகள் விறைத்திருந்தன. உங்கள் பட்டுக் கையுறையை அவன் எனக்குப் போட்டுவிட்டு, அதன் மேல் என்னுடையதை மாட்டினான். அவனுடைய மற்ற கையுறைகள் இருட்டில் எங்கேயோ சறுக்கிப் போய்விட்டன. தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. எதிரி விமானம் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அவன் தன் கூண்டுக்குப் போய் வெறும் கையால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டித் தரையிறங்கும்வரை உட்கார்ந்திருந்தான். இறங்கியதும் அவன் கையைத் துப்பாக்கியிலிருந்து நாங்கள்தான் எடுத்தோம்.

நான் மீன் சந்தைக்காரன். ஐஸில் கை வைத்தே வளர்ந்தவன். எனக்குப் பத்து விரலும் இருக்கிறது. அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். "என்னடா, பெரிய அதிகாரி மாதிரி நிக்கிற?" என்று கேலி செய்கிறான்.

அவன் ஊருக்கு வர மறுப்பதற்கு உங்கள் கடிதங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. அவற்றை அவன் சிரித்துக்கொண்டேதான் படிப்பான். படித்த பிறகு அன்று முழுக்கப் பேச மாட்டான்.

உங்கள் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் மிச்ச எல்லாப் பயணத்தையும் முடித்தேன். உயிரோடு இருக்கிறேன். உங்களுக்குத் திருப்பி அனுப்பட்டுமா?

பணிவுடன்,
வில்ஃப் ஆக்ராய்ட்


இங்கிலாந்து
5 நவம்பர் 1944

அன்புள்ள அக்கா,

நலமா? உன் உள்ளங்கை ஆறிவிட்டதா? வில்ஃப் எழுதிவிட்டதாக நேற்றுத்தான் சொன்னான், அவனோடு சண்டை.

எழுதிப் புரியவைப்பதைவிட இது சுலபம். தாதி பிடித்துக்கொள்ள, இந்தத் தாளில் இரண்டு கையையும் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். வலது கையில் மிஞ்சியது கட்டைவிரல் மட்டும். இடது கையில் அது போக இன்னும் இரண்டு. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் எதை விடுவது, சொல். கடையில் நான் வெறும் சுமை. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

விமானப்படையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். புது வருஷத்தில் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு ஒரு கப்பல் இருக்கிறது. வருவதென்றால் ஒன்று கேட்பேன். இந்த அளவுக்கு ஒரு ஜோடி கையுறை தைத்து அனுப்பு. இல்லாத விரல்களுக்குப் பஞ்சு அடைத்துவிடு. கப்பல் துறையில் எல்லோரும் என் கையையே பார்ப்பார்கள். பர்ட்டி இன்னொரு பாட்டுக் கட்டுவான். அதைத் தாங்க என்னால் முடியாது, அக்கா.

சிப்ரியன்


அரிமா
28 டிசம்பர் 1944

அன்புள்ள தம்பி சிப்ரியனுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, தெரிந்துவிட்டது. என் கையில் புதுத்தோல் வந்துவிட்டது.

உன் தாள் வந்தது. போன வருஷம் நீ அனுப்பிய தாளை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கடையைச் சாத்திவிட்டு அழுதேன். நான் எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஞாபகத்துக்கு வந்தது. இதை ஒரு தடவைதான் எழுதுவேன், படித்துவிட்டு மறந்துவிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கையுறை தைத்துத் தர முடியாது.

காரணம் கேள். உன் கையைப் பற்றி ஊருக்கெல்லாம் நான்தான் சொன்னேன். ரொட்டிக்கடை வரிசையில் நின்று, தாளைப் பிரித்துக் காட்டிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. காலுறை கழற்றிய வீரன் ரொட்டி வாங்காமலே போய்விட்டான். அடுத்த நாள் டுஃப்ரேனின் ஆள் வந்தான். ஐயா உனக்குக் கிளப்பில் பெரிய விருந்து வைக்கிறாராம். "ஆனா ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு வந்தா, சாப்பிடுறப்ப பெண்டுக முகம் சுளிக்காம இருப்பாங்கன்னு ஐயா சொன்னாங்க" என்றான். அந்த வாய் அதைச் சொன்ன பிறகு நான் எப்படித் தைப்பேன்? "உங்க ஐயா மூஞ்சிய நாங்க இத்தனை வருஷமா சுளிக்காம பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம், அதுக்கு ஒரு உறை போட்டுக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். கிளப் வேலை இனி நமக்கு வராது. பீடை விட்டது.

பர்ட்டி விஷயம். கிறிஸ்துமஸுக்குப் பாட்டுக்காரர்களோடு வீடு வீடாக வந்தவன் நம் வீட்டுக்கும் வந்தான், குடிக்க ஏதாவது கிடைக்கும் என்று. "வா தேள் பிரபு, அந்தக் கையுறைப் பாட்டப் பாடு" என்றேன். தயங்கினான். இஞ்சிச் சாராயப் பானைக்குப் போட வாங்கி வைத்திருந்த ஐஸ் கட்டியை எடுத்து அவன் இரண்டு கையிலும் வைத்தேன். "பாட்டு முடியிற வரைக்கும் கீழ போடாம நில்லு. முடிச்சா பானையே உனக்கு" என்றேன். செருப்பு வரி வருவதற்குள் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டியைப் போட்டுவிட்டுக் கையை அக்குளில் சொருகிக்கொண்டு குதித்தான். "அம்மா, இதவிடவா அங்க குளிரு?" என்றான். "இது அங்க வெந்நீர்டா" என்றேன். அந்தப் பாட்டை அவன் அதன் பிறகு பாடவில்லை. தெருப் பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டே நடக்கிறார்கள்.

கத்தரிக்கோல் விஷயம். பெரியதை ஆணியிலிருந்து நான் எடுத்துவிட்டேன். உன் அனுமதியை எதிர்பார்க்கவில்லை. நீ வெட்டினால் தோள் எப்போதும் இடது பக்கம் அரை விரல் கோணும். அதை வருஷக்கணக்காகத் தையலில் இழுத்துச் சரிசெய்தவள் நான். அப்பா ஆள் தெரியாமல் கொடுத்துவிட்டார். இனி வெட்டும் நான், தையலும் நான். நீ வாசலில் நின்று அளவெடு, சுண்ணக்கட்டியால் கோடு போடு, சட்டையை வாங்கிக்கொண்டு காசை அடுத்த வாரம் தருகிறேன் என்பவனோடு சண்டை போடு. இதற்கு இடது கையின் மூன்று விரல் தாராளம். அவர்களோடு தொண்டை கிழியச் சண்டை போட எனக்கு இப்போது நேரமில்லை, ஆர்டர் குவிந்து கிடக்கிறது. சுமையாம் சுமை. உன்னைத் தூக்கிக்கொண்டா நான் தைக்கப் போகிறேன்?

வில்ஃபிடம் சொல், பட்டுக் கையுறையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நான் தைத்துக் கொடுத்ததை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல். மீன் கூடை தூக்கின கையை எதற்கு ஒளிக்க வேண்டும்?

பாஸ்டெல் செய்தேன். உன் பங்கை நாய் தின்றுவிட்டது.

கப்பல் எந்த நாளில் வருகிறது என்று எழுது. துறையில் முன்வரிசையில் நிற்பேன். இரண்டு கையையும் வெளியே வீசிக்கொண்டு இறங்கு. கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இறங்கினால் அதே கப்பலில் திருப்பி ஏற்றிவிடுவேன்.

உன் அக்கா,
யூலாலி